எண் எங்கே குடியிருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கைபேசிக்கும் கணினிக்கும் இடையே தொடர்பு எண்களையும் நாட்காட்டிக் குறிப்புகளையும் மாற்றுவது பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிக்கல்கள் வெவ்வேறாகத் தோன்றினாலும், அநேகமாக எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: ஒரு எண்ணோ குறிப்போ எந்த இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமலேயே அதை இடம் மாற்ற முனைந்துவிடுகிறோம்.

கேள்வி: குன்னூரில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். என் ஆண்ட்ராய்டு கைபேசியில் எழுநூறுக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. கேபிள் போட்டுக் கணினியுடன் இணைத்தால் படங்களும் பாடல்களும் தெரிகின்றன. எண்களை மட்டும் காணவில்லை. அவற்றைக் கணினியில் பத்திரப்படுத்தி, வாங்கப்போகும் புதிய கைபேசியிலும் ஏற்றுவது எப்படி?
– விடுதி நடத்துபவர், குன்னூர்

பதில்: கேபிள் வழியாகக் கணினிக்குத் தெரிவது கோப்புகள் மட்டுமே. ஒவ்வொரு படமும் ஒரு கோப்பு, ஒவ்வொரு பாடலும் ஒரு கோப்பு. தொடர்பு எண்கள் அப்படித் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதில்லை. ஆண்ட்ராய்டு அவற்றைத் தரவுத்தளத்தில் வைத்து, வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் கேபிளிலும் கணினியிலும் கோளாறு ஏதும் இல்லை. எண்களை முதலில் ஒரு கோப்பாக வெளியே எடுக்க வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது; பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான். கைபேசித் திரையில் ஒரே பட்டியலாகத் தெரியும் பெயர்கள் உண்மையில் சிம் அட்டை, கைபேசியின் சொந்த நினைவகம், கூகுள் போன்ற ஒரு கணக்கு என்று மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் சேமித்த எண் சிம்மிலும், சென்ற ஆண்டு சேமித்தது கைபேசியிலும், நேற்றுச் சேமித்தது கணக்கிலும் இருப்பது மிகச் சாதாரணம். தொடர்புகள் செயலியில் ஏதேனும் ஒரு பெயரைத் திறந்து, திருத்தும் பக்கத்துக்குப் போனால், அந்தப் பெயர் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று மேலே காட்டும். பட்டியலின் மேற்பகுதியில் கணக்கைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கணக்கில் உள்ள பெயர்களை மட்டும் பார்க்கவும் முடியும். மூன்று இடங்களையும் தனித்தனியே பார்த்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு கணக்குச் சரிபார்க்க அந்தத் தாள் ஒன்றே போதும்.

இனி கோப்பை எடுக்கலாம். கூகுளின் தொடர்புகள் செயலியில் ஒழுங்குபடுத்தும் பக்கத்தில் ‘எக்ஸ்போர்ட் டு ஃபைல்’ என்ற கட்டளை இருக்கிறது. சாம்சங் கைபேசிகளில் இதே வேலை ‘மேனேஜ் கான்டாக்ட்ஸ்’ என்ற பகுதியில் நடக்கும். எந்த இடத்திலுள்ள எண்கள் வேண்டும் என்று கேட்கும்போது அனைத்தையும் தேர்ந்தெடுங்கள். விசிஎஃப் என்ற பின்னொட்டுடன் ஒரே ஒரு கோப்பு உருவாகும். இப்போது கேபிளை இணைத்து, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கோப்பு கணினிக்குத் தெரியும். வழக்கமாக டவுன்லோட்ஸ் உறையில்தான் இருக்கும். நகலெடுத்துக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விசிஎஃப் கோப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எந்த நிறுவனத்தையும் சாராமல் உங்கள் எண்கள் உங்களிடமே இருப்பதற்கு நம்பத்தக்க வழி அதுதான். விகார்டு என்ற பொது வடிவத்தில் எழுதப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு அது. அதன் 2.1 பதிப்பு 1996-இலும், 3.0 பதிப்பு 1998-இலும், 4.0 பதிப்பு 2011-இலும் வெளிவந்தன. இன்றைய கைபேசிகளும் கணினிச் செயலிகளும் பழைய பதிப்புகளையும் படித்துவிடுகின்றன. நோட்பேடில் திறந்து பார்த்தால், ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தைக் குறிக்கும் ஒரு வரி, பெயர் வரி, எண் வரி, முடிவைக் குறிக்கும் ஒரு வரி என்று வரிசையாக இருக்கும். பெயர்களைத் தமிழில் சேமித்திருந்தால், பெயர் வர வேண்டிய இடத்தில் சமக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மாறிமாறி வரும் ஒரு நீண்ட சரம் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம். 2.1 பதிப்பில் தமிழ் எழுத்துகளைக் குறியேற்றும் முறையே அதுதான். கைபேசியில் திரும்ப ஏற்றினால் தமிழ் தமிழாகவே வரும்.

கணினியில் பயன்படுத்த, உலாவியில் கூகுள் தொடர்புகள் பக்கத்தைத் திறந்து, இடப்பக்கமுள்ள ‘இம்போர்ட்’ வழியாக இந்தக் கோப்பை ஏற்றுங்கள். ஒரு முறைக்கு 3,000 பேர் வரை ஏற்றலாம். ஏற்றிய பெயர்கள் அனைத்துக்கும் அன்றைய தேதியிட்ட ஒரு சிட்டையை (லேபிள்) கூகுளே இட்டுவிடுகிறது. ஏதேனும் தவறாகப் போனால் அந்தச் சிட்டையில் உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம். பிறகு ‘மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்’ பகுதிக்குப் போய் இரட்டிப்பான பெயர்களை இணைத்துவிடுங்கள். இணைக்கும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே பெயரில் ஒரு ஜீப் ஓட்டுநரும் ஒரு பால்காரரும் இருந்தால், இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

புதிய கைபேசி வந்ததும் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் எண்கள் தாமே இறங்கிவிடும். அமைப்புகளில், புதிதாகச் சேமிக்கும் எண்கள் எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். வலைக் கணக்கே வேண்டாம் என்று நினைத்தால், தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் செயலியைக் கணினியில் நிறுவி, அதன் முகவரிப் புத்தகத்தில் இதே கோப்பை ஏற்றிக்கொள்ளலாம். இணையம் இல்லாதபோதும் எண்கள் கண்முன் இருக்கும். எந்த வழியை மேற்கொண்டாலும், விசிஎஃப் கோப்பின் ஒரு நகலைப் பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ போட்டு வையுங்கள். அடைமழையில் மின்சாரமும் டவரும் ஒருசேரப் போய்விடும் நாட்களில் புதுக் கைபேசி கணக்கிலிருந்து எதையும் இறக்கிக்கொள்ள முடியாது. மெமரி கார்டில் இருக்கும் கோப்பை ஏற்றிக்கொள்ள இணையம் தேவையில்லை.

கேள்வி: பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறோம். அப்பா இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அவருடைய எண்களை என் கைபேசிக்கும் கணினிக்கும் கொண்டுவர சிம்மில் நகலெடுத்துப் போட்டேன். ‘வடுகபட்டி மண்டி’ என்று இருந்தது ‘வடுகபட’ என்று வந்திருக்கிறது. பாதிப் பெயர்கள் இப்படித்தான். இங்கே இணையமும் சரியாகக் கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்?
– விவசாயி மகன், பூம்பாறை

பதில்: பெயர்களை வெட்டியது சிம் அட்டைதான். சிம் மிகப் பழைய காலத்து அமைப்பு. பெரும்பாலான அட்டைகளில் 250 பேருக்குத்தான் இடம். ஒரு பெயருக்கு ஒரு எண் மட்டுமே. முகவரி, பிறந்தநாள், குறிப்பு எதற்கும் இடமில்லை. பெயருக்கென ஒதுக்கிய இடமும், பல அட்டைகளில், ஏறத்தாழ 14 ஆங்கில எழுத்துகள் அளவுக்கே இருக்கும். தமிழில் எழுதினால் அதுவும் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. காரணம் இதுதான்: கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘டு’ என்பது ஒரு குறி அன்று, ‘ட’ ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. ‘ட்’ என்பதிலும் ‘ட’ ஒன்று, புள்ளி ஒன்று. அவ்வாறு எண்ணினால் ‘வடுகபட்டி மண்டி’ நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து 15 குறிகள் ஆகிறது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும்; தமிழில் ஒரு குறிக்கு இரண்டு பைட் என்று கைபேசி எழுதும்போது, 14 பைட் இடத்தில், தொடக்கத்தில் எழுத்துமுறையைக் குறிக்கும் ஒரு பைட் போக, ஆறு குறிகள்தாம் அடங்கும். வ, ட, உகரம், க, ப, ட – சரியாக ஆறு. உங்கள் தந்தையின் மண்டி அங்கேதான் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஆகவே, முதல் காரியமாக, அப்பாவின் கைபேசியிலுள்ள மூலப் பெயர்களை அழிக்காதீர்கள். சிம்முக்கு ‘நகல்’ எடுத்திருந்தால் முழுப் பெயர்கள் அங்கே அப்படியே இருக்கும். ‘மூவ்’ என்று கொடுத்திருந்தால் மட்டுமே அவை போயிருக்கும். இருக்கின்றன என்றால் புளூடூத் வழியாக எடுங்கள். இதற்கு இணையமோ சிக்னலோ எதுவும் வேண்டாம். இரண்டு கைபேசிகளிலும் புளூடூத்தை இயக்கி, ஒன்றையொன்று இணைத்துக்கொண்டு, பட்டன் போனின் தொடர்புப் பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் ‘பிசினஸ் கார்டாக அனுப்பு’ என்ற வகையில் ஒரு வாய்ப்பு இருக்கும். முதலில் ஒரே ஒரு பெயரை அனுப்பி, தமிழ் முழுமையாக வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில போன்களில் அனைத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பலாம்; இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனாலும் பெயர்கள் முழுமையாக வரும். மெமரி கார்டு போடும் வசதியுள்ள பட்டன் போன் என்றால், அமைப்புகளில் ‘பேக்அப்’ இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் அது எண்களை விசிஎஃப் கோப்பாகவே கார்டில் எழுதிவிடும். கார்டைக் கழற்றிக் கணினியில் செருகினால் வேலை முடிந்தது.

எதிர்த்திசையில், அதாவது கணினியிலிருந்து பட்டன் போனுக்கு, எண்களைக் கொண்டுபோகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு பேர் அடங்கிய ஒரே கோப்பைக் கொடுத்தால், பழைய போன்கள் பல முதல் பெயரை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். அத்தகைய போனுக்கு ஒவ்வொரு பெயரையும் தனிக் கோப்பாக அனுப்புவதே வழி. உங்கள் தந்தைக்கு அன்றாடம் தேவைப்படும் இருபது முப்பது எண்களை மட்டும் அப்படி அனுப்பினால் போதுமென்பது என் எண்ணம்.

கேள்வி: கூடலூரில் ஒரு சங்க அலுவலகத்தில் பணிபுரிகிறேன். உறுப்பினர் எண்களைக் கூகுளிலிருந்து சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்து எக்செல்லில் திறந்தேன். தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. தரைவழி எண்களின் முன்னே இருந்த சுழி போய்விட்டது. கைபேசி எண்கள் 9.19 என்று தொடங்கி ஏதோ ஒரு கணக்குக் குறியாக மாறிவிட்டன. சரிசெய்து சேமித்து மீண்டும் ஏற்றலாமா?
– அலுவலக உதவியாளர், கூடலூர்

பதில்: சேமிக்காமல் மூடிவிடுங்கள். மூலக் கோப்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ‘சேவ்’ கொடுத்தால்தான் அது உண்மையிலேயே கெடும். சிஎஸ்வி கோப்பைச் சேமிக்கும்போது எக்செல் திரையில் காட்டும் வடிவத்தையே எழுதுகிறது, ஆகையால் 9.19 என்று சுருங்கிய எண்ணின் எஞ்சிய இலக்கங்கள் மீட்க முடியாமல் போய்விடும்.

நடந்தது என்னவென்றால், கோப்பை நேரடியாகச் சொடுக்கித் திறக்கும்போது அதிலுள்ள எழுத்துகள் எந்த முறையில் குறியேற்றப்பட்டவை என்பதை எக்செல் தவறாக ஊகித்துவிட்டது; அதோடு இலக்கங்களாகத் தெரிந்த ஒவ்வொன்றையும் கூட்டிக் கழிப்பதற்கான எண்ணாக எடுத்துக்கொண்டது. கணக்கில் வரும் எண்ணுக்கு முன்னால் உள்ள சுழிக்கு மதிப்பில்லை, ஆகவே அது நீங்கியது. தொலைபேசி எண்ணுக்கோ அந்தச் சுழிதான் உயிர். ஊட்டி, குன்னூருக்கு 0423, கோத்தகிரிக்கு 04266, கூடலூருக்கு 04262, கொடைக்கானலுக்கு 04542 என்று சுழியில் தொடங்கும் எஸ்டிடி குறியீடுகள்தாம் நம் மலைகளில் இருக்கின்றன. டவர் எட்டாத ஊர்களில் தரைவழி எண் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது.

புதிய வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டையில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக அந்தக் கோப்பைக் கொண்டுவாருங்கள். வரும் பெட்டியில் ‘ஃபைல் ஆரிஜின்’ என்பதற்கு 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தெளிவாகும். அதே பெட்டியில் தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற வாய்ப்பும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் எழுத்தாகவே நிற்கும், சுழியும் கூட்டல் குறியும் காப்பாற்றப்படும். எக்செல்லுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே அது எழுத்துமுறையையும் நெடுவரிசையின் வகையையும் கேட்டுவிடுகிறது. திருத்தி முடித்ததும் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையில் சேமியுங்கள். ஒருவருக்கு இரண்டு எண்கள் இருந்தால், கூகுள் அவற்றுக்கிடையே மூன்று முக்காற்புள்ளிகளை வரிசையாக இட்டிருக்கும், அவற்றை அழித்துவிடாதீர்கள்.

முடிந்தால் எல்லா எண்களையும் +91 என்று தொடங்கும் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தரைவழி எண்ணானால் எஸ்டிடி குறியீட்டின் சுழியை நீக்கிவிட்டு, +91 4262 என்பதுபோல எழுத வேண்டும். ஒரே உறுப்பினர் +91 உடன் ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் பதிவாகி இரட்டிப்பது இதனால் வெகுவாகக் குறையும். அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசிகளை அழைக்கும்போது எண்ணுக்கு முன் சுழி சேர்க்க வேண்டும் என்ற முறை 2021 ஜனவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சுழியைப் பட்டியலில் எழுதிவைக்கத் தேவையில்லை, அழைக்கும்போது சேர்த்தால் போதும்.

கேள்வி: கொடைக்கானலில் இரண்டு காட்டேஜ்களை வாடகைக்கு விடுகிறோம். முன்பதிவுகளைக் கைபேசி நாட்காட்டியில் குறித்துவந்தேன். கணினிக்கு மாற்றிய பிறகு காலை 9 மணிக் குறிப்புகள் சில பிற்பகல் 2.30 என்று காட்டுகின்றன. மூன்று நாள் தங்குவோரின் குறிப்பு இரண்டு நாளோடு முடிகிறது. சில பதிவுகள் இரண்டு முறை வந்திருக்கின்றன. மே மாத சீசன் நெருங்குகிறது. ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– காட்டேஜ் உரிமையாளர், கொடைக்கானல்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது; சீசனில் குடும்பத்தோடு மலையேறி வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைப்பதைவிடச் சங்கடம் வேறில்லை. மூன்று சிக்கல்களுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு, மூன்றும் தீர்க்கக் கூடியவை.

நாட்காட்டிக்கும் விகார்டு போன்ற ஒரு பொது வடிவம் இருக்கிறது. ஐகாலண்டர் என்று பெயர். 1998-இல் வகுக்கப்பட்டு 2009-இல் திருத்தப்பட்டது. கோப்பின் பின்னொட்டு ஐசிஎஸ். இந்தக் கோப்பில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருப்பதால், காலை 9 மணி என்பது கோப்பில் 033000 என்ற இலக்கங்களாகவும், இறுதியில் இசட் என்ற ஆங்கில எழுத்துமாக இருக்கும். அந்த எழுத்துதான் இது பொது நேரம் என்பதற்கு அடையாளம். அதைக் கவனிக்காத செயலி அதிகாலை 3.30 என்று காட்டும். மாறாக, எழுதும்போதே 090000 என்று நம் நேரத்தை வைத்துவிட்டுத் தவறாக இசட்டைச் சேர்த்திருந்தால், படிக்கும் செயலி அதன்மேல் இன்னும் ஐந்தரை மணியைக் கூட்டிப் பிற்பகல் 2.30 ஆக்கிவிடும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது இந்த இரண்டாவது வகை. அதாவது பிழை கணினியில் இல்லை. கோப்பை எழுதிய செயலியில் இருக்கிறது. வேறொரு செயலியின் வழியாக ஏற்றுமதி செய்து பாருங்கள். ஐந்தரை மணி நேரம் அன்றி வேறு அளவில் நேரம் தவறினால் மட்டும் கணினியின் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினிகளில் சில வேளை அமெரிக்க நேரமே நின்றுவிடுகிறது. நேர மண்டலப் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று நான்கு ஊர்களும் சேர்ந்திருக்கும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல், நாள் குறைவது. முழுநாள் குறிப்புகளில் ஐசிஎஸ் கோப்பு எழுதும் இறுதித் தேதி, குறிப்பில் சேராத முதல் தேதி. மே 10 அன்று வந்து 12 அன்று காலி செய்யும் விருந்தினருக்குத் தொடக்கம் 10, முடிவு 12 என்று கோப்பில் இருக்கும். நாட்காட்டியிலோ 10, 11 ஆகிய இரண்டு கட்டங்கள் மட்டும் நிறம் பெறும். உங்கள் தொழிலுக்கு இது மிகவும் பொருந்துகிற முறை, ஏனென்றால் 12-ஆம் தேதி அவர்கள் அறையைக் காலி செய்தபின் அதே அறையை அடுத்தவருக்குத் தரலாம். தங்கும் இரவுகளையே குறிக்கிறோம் என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டால் குழப்பம் வராது.

மூன்றாவது, இரட்டிப்பு. கோப்பிலுள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் தனி அடையாளச் சரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து ஏற்கெனவே இருக்கிற குறிப்பைத் தவிர்க்கும் செயலிகளும் இருக்கின்றன, பார்க்காமல் மறுபடியும் சேர்த்துவிடும் செயலிகளும் இருக்கின்றன. ஆகவே எப்போதும் முதலில் ஒரு புதிய வெற்று நாட்காட்டியை உருவாக்கி, அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள். கூகுள் நாட்காட்டியில் இந்த வேலையைக் கணினியின் உலாவியில்தான் செய்ய முடியும். கைபேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. சரியாக வந்திருக்கிறது என்று உறுதியான பின் பழையதை மறைத்துக்கொள்ளலாம். தவறாக வந்திருந்தால் புதிய நாட்காட்டியை முழுவதுமாக நீக்கிவிடலாம். ஏற்கெனவே ஒரே நாட்காட்டியில் கலந்துவிட்ட நூற்றுக்கணக்கான குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கும் தண்டனை அப்போது இல்லை. இரண்டு காட்டேஜ்களுக்கும் தனித்தனி நாட்காட்டியும் தனி நிறமும் கொடுத்துவிடுங்கள்.

முன்பதிவுத் தளங்கள் சில, ஐசிஎஸ் கோப்புக்குப் பதிலாக ஓர் இணைப்பு முகவரியைத் தருகின்றன. அதை நாட்காட்டியில் சேர்த்தால், தளத்தில் புதிய பதிவு வரும்போது இங்கேயும் தானாகத் தெரியும். ஆனால் உடனுக்குடன் தெரியாது. புதுப்பிக்கப்படுவதற்குப் பல மணி நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் ஒரே அறை இருவருக்குப் போகிறது. ஆகவே தொலைபேசியில் ஒருவருக்கு அறையை உறுதி செய்யும்முன், நாட்காட்டியை மட்டும் நம்பாமல் அந்தத் தளத்தையே திறந்து பார்த்துவிடுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதால், விருந்தினரின் வாகன எண்ணை அந்தக் குறிப்பின் விவரப் பகுதியிலேயே எழுதிவைப்பதும் நல்லது. ஐசிஎஸ் கோப்பு அதையும் சுமந்து செல்லும்.

கேள்வி: சிறு தேயிலை விவசாயி. பத்து நாளைக்கு ஒருமுறை கொழுந்து பறிக்கும் முறையை நாட்காட்டியில் திரும்பத் திரும்ப வரும்படி குறித்திருந்தேன். கணினிக்கு மாற்றியபோது முதல் நாள் மட்டும் வந்தது. ஏன்?
– விவசாயி, கோத்தகிரி

பதில்: நீங்கள் சிஎஸ்வி கோப்பாக மாற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிஎஸ்வி என்பது வெறும் அட்டவணை. ‘பத்து நாளைக்கு ஒருமுறை’ என்ற விதியை எழுத அதில் இடமில்லை. ஐசிஎஸ் கோப்பில் அந்த விதி ஒரே வரியில் எழுதப்படுகிறது. மழையால் ஒரு சுற்றைத் தள்ளிவைத்திருந்தால் அந்த விதிவிலக்கும் கூடவே வரும். ஐசிஎஸ் ஆகவே மாற்றுங்கள். பறிப்பைத் தள்ளிவைக்கும்போது, இந்த ஒரு குறிப்பை மட்டும் மாற்றுவதா, இனி வருவன அனைத்தையும் மாற்றுவதா என்று நாட்காட்டி கேட்கும். கொழுந்து அடுத்த சுற்றுக்கும் அதற்கேற்பத்தான் தயாராகும் என்பதால், உங்கள் வேலைக்கு இரண்டாவதே பொருந்தும். மாற்றிய பிறகு நினைவூட்டல் மணி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடம் மாறும்போது அது விடுபடுவதுண்டு.

கேள்வி: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறிவிட்டேன். கணினியில் எண்களைப் பார்க்க என்ன வழி?
– ஆசிரியை, ஊட்டி

பதில்: ஐபோன் அமைப்புகளில் தொடர்புகளுக்கான கணக்குகள் பகுதியில் உங்கள் கூகுள் கணக்கைச் சேர்த்து, தொடர்புகள், நாட்காட்டி இரண்டையும் இயக்கினால் பழைய எண்கள் அங்கேயும் வரும், கணினியிலும் முன்போலவே தெரியும். ஆப்பிளின் ஐகிளவுடு கணக்கில் சேமித்தவற்றுக்குக் கணினியின் உலாவியில் ஐகிளவுடு தளத்தைத் திறந்து, தொடர்புகள் பக்கத்தில் அனைத்தையும் தேர்ந்தெடுத்து விகார்டாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கணக்குகளிலும் மாற்றி மாற்றிச் சேமிக்காமல் ஒன்றை மட்டும் முதன்மைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கைபேசியைத் தம்பிக்குக் கொடுப்பதற்காக அதிலிருந்த எண்களை எல்லாம் அழித்தேன். மாலையில் பார்த்தால் என் புதிய கைபேசியிலும் கணினியிலும் எண்கள் இல்லை. எண்களை மீட்டுத் தரும் என்று ஒரு செயலியை நண்பர் சொல்கிறார். போடலாமா?
– கடைக்காரர், பெருமாள்மலை

பதில்: போட வேண்டாம். உங்கள் எண்கள் தொலையவில்லை. நகல் வேறு, ஒத்திசைவு வேறு. நகல் எடுத்தால் ஒன்றை அழித்தாலும் மற்றது இருக்கும். ஒத்திசைவில், அதாவது சிங்க் என்பதில், கணக்கில் இருப்பது ஒரே ஒரு பட்டியல்; அதைத்தான் இரண்டு கைபேசிகளும் கணினியும் காட்டுகின்றன. பழைய கைபேசியில் அழித்ததும் கணக்கிலேயே அழிந்தது, மற்ற இரண்டும் அதற்கு இணங்கின.

கணினியில் கூகுள் தொடர்புகள் பக்கத்தைத் திறந்து, இடப்பக்கமுள்ள குப்பைக்கூடையைப் பாருங்கள். நீக்கிய பெயர்கள் 30 நாட்கள் வரை அங்கே இருக்கும், அனைத்தையும் தேர்ந்தெடுத்து மீட்டுவிடலாம். அமைப்புகளில் ‘அன்டூ சேஞ்சஸ்’ என்ற வாய்ப்பும் உண்டு. பட்டியலை ஒரு மணி நேரத்துக்கு முன்போ, நேற்றோ, ஒரு வாரத்துக்கு முன்போ இருந்த நிலைக்கே அது திருப்பிவிடும். ஆனால் இடையில் புதிதாகச் சேமித்த எண்கள் அதனால் போய்விடும். அவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் நீக்கிய குறிப்புகளுக்கும் இதேபோல் ஒரு குப்பைக்கூடை இருக்கிறது.

மீட்டுத் தருவதாகவும் மாற்றித் தருவதாகவும் சொல்லும் செயலிகளைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். அவை கேட்கும் முதல் அனுமதி உங்கள் தொடர்புப் பட்டியலைப் படிப்பதற்கானது. அதில் இருப்பவை உங்களை நம்பி உங்களிடம் எண்ணைக் கொடுத்த வாடிக்கையாளர்கள், உறவினர்கள், அக்கம்பக்கத்தார் ஆகியோரின் விவரங்கள். விசிஎஃப், ஐசிஎஸ் கோப்புகளும், கைபேசியிலேயே இருக்கும் கட்டளைகளும் செய்து முடிக்கும் வேலைக்கு, யாரென்றே தெரியாத ஒருவரிடம் அந்த விவரங்களை ஒப்படைக்க எந்தத் தேவையும் இல்லை.

கைபேசியைத் தம்பிக்குக் கொடுக்கும்போது பெயர்களை அழிக்காதீர்கள். முதலில் கைபேசியின் சொந்த நினைவகத்தில் ஏதேனும் எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் விசிஎஃப் கோப்பாக எடுத்துக் கணினியில் வையுங்கள். பிறகு அமைப்புகளில் உங்கள் கணக்கை அந்தக் கைபேசியிலிருந்து நீக்குங்கள். கணக்கை நீக்கினால் எண்கள் அந்தக் கைபேசியிலிருந்து மட்டுமே மறையும், கணக்கில் இருப்பவை அப்படியே இருக்கும். அதன்பின் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு, ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்து கொடுத்துவிடலாம்.